கடற்படைக்குப் போன நம் பிள்ளைகள்

(அறவாரியத்தின் ஆண்டுக் கூட்டத்தை அடுத்து ஆலய மண்டபத்தில் நடைபெற்ற கல்வி நிதி நிகழ்வில், ஆலயச் செயற்குழு உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி நிதியைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசும்படி தலைவர் எனக்குப் பணித்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் என்று சொல்வது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பது அவருக்கே தெரியும். ஆயினும் முயல்கிறேன்.

சென்ற செயற்குழுக் கூட்டத்தில் ஒரு விவாதம் நடந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நிதியில் ஒரு சிறு பகுதியை, கடற்படைக்கும் தரைப்படைக்கும் விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கலாமா என்று நான் கேட்டேன். "ஆலயப் பணம், படிப்புக்குத்தான் போக வேண்டும். துப்பாக்கி தூக்கப் போகிறவனுக்கு எதற்கு?" என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் கேட்டார். அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் எல்லார் முன்னிலையிலும் சொல்ல வந்திருக்கிறேன். அது கொஞ்சம் என் சொந்தக் கதையாகவும் இருக்கும். பொறுத்தருள்க.

நான் பிறந்தது 1959-இல், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அப்பா பால்மரம் வெட்டினார். அம்மாவும் நிரை எடுத்தார். அந்தத் தோட்டம் இன்று இல்லை. இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. கோயில் மட்டும் இடம் மாறி நிற்கிறது. 1977-இல் ஐந்தாம் படிவம் முடித்தேன். ஒரு நாள் மளிகைக் கடையில் சீனி மடித்துக் கொடுத்த செய்தித்தாளில், கடற்படைக்கு இளைஞர்கள் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டேன். கடலை நான் அதுவரை இரண்டே முறைதான் பார்த்திருந்தேன், இரண்டு முறையும் பங்கோர் தீவுக்குப் போகும் படகிலிருந்து. ஆனால் அந்த வெள்ளைச் சீருடையின் படம் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில் நம் பையன்களுக்கு அந்த ஆசை வருவதற்கு ஒரு காரணமும் இருந்தது. நம் நாட்டுக் கடற்படைக்கு முதல் மலேசியத் தளபதியாக வந்தவர் ஒரு தமிழர். இளைய தலைமுறையில் பலருக்கு இது தெரியாது. பெயர் கே. தனபாலசிங்கம். 1936-இல் பிறந்தவர். கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் படித்தார். 1955-இல், நாடு விடுதலை அடையும் முன்னரே, பத்தொன்பது வயதில் கடற்படையில் சேர்ந்து, இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரிக்குப் பயிற்சிக்குப் போனார். டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில், குன்றின் மேல் நிற்கும் கல்லூரி அது. பிரிட்டிஷ் அரச குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கேதான் படகு வலிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

1967 டிசம்பர் 1-ஆம் நாள், ஆஸ்திரேலிய அதிகாரி ஒருவரிடமிருந்து அவர் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்போது பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். தளபதிக்கு வயது 31. முப்பத்தொரு வயதில் நான் இன்னும் தலைமையாசிரியரைக் கண்டால் படியில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன்! 1976 இறுதி வரை ஒன்பது ஆண்டுகள் அவர் கடற்படையை நடத்தினார். அதுவரை நமது கடற்படையின் தளம் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருந்தது. சிங்கப்பூர் 1965-இல் தனி நாடான பிறகும் நம் கப்பல்கள் பல ஆண்டுகள் அங்கேதான் நின்றன. பின்னர் நம் பேராக் மாநிலத்து லூமுட்டுக்கு அந்தத் தளம் வந்தது. இன்று சித்தியவான் பக்கம் போகிறவர்கள், பங்கோர் தீவுக்குப் படகேறும்போது ஆற்று முகத்தில் சாம்பல் நிறக் கப்பல்களைப் பார்க்கிறீர்களே, அதுதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தனபாலசிங்கம் தலைநகரில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். தோட்டத்துப் பையன் அவரைப் போல் நேரே அதிகாரியாகப் போய்விட முடியாது. அவனுக்குரிய வாசல் கீழ்ப்படியில் இருந்தது. சாதாரணப் பயிற்சி வீரனாகச் சேர்ந்து, தரையைக் கழுவி, மெல்ல மேலே ஏற வேண்டும். மேடைகளில் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அந்தக் கீழ்ப்படியை நம் பிள்ளைகளுக்குக் காட்டினோமா என்பதுதான் என் கேள்வி.

நானும் விண்ணப்பித்தேன். ஈப்போவில் உடல் சோதனை நடந்தது. உயரம் பார்த்தார்கள், நெஞ்சை விரிக்கச் சொன்னார்கள், பல்லைப் பார்த்தார்கள். எல்லாம் சரி, கடிதம் வரும் என்றார்கள். நான் காத்திருந்தேன். மாதம் மூன்றாகியும் கடிதம் வரவில்லை. தீபாவளிக்கு வீடு வெள்ளையடிக்கும்போது சாமிப் படத்தைக் கழற்றினேன். படத்தின் பின்னாலிருந்து, அரசாங்க முத்திரை போட்ட உறை ஒன்று விழுந்தது. பயிற்சிக்கு வந்து சேர வேண்டிய நாள் அதில் அச்சிட்டிருந்தது. அந்த நாள் கடந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

அம்மாவோடு நான் ஒரு மாதம் பேசவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "முனியாண்டி மேல சத்தியம், நான் செத்தாலும் உன்னை அனுப்பமாட்டேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். 1981 முதல் சுண்ணக்கட்டிதான் என் துப்பாக்கி.

அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்பதை எனக்கு விளங்க வைத்தவர் என் பெரியம்மா. 1943-இல் அம்மாவுக்கு வயது பதின்மூன்று. என் தாத்தாவை ஜப்பானியர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றினார்களாம். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை அது. அந்த ஆண்டு அக்டோபரில் வேலை முடிந்தது. தாத்தா திரும்பவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று சொல்லக்கூட ஆளில்லை.

அதே அக்டோபரில்தான் சிங்கப்பூரில் நேதாஜி, ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாமைத் திறந்து வைத்தார். டாக்டர் லட்சுமி தலைமை ஏற்றார். பதினேழு வயதுப் பெரியம்மா, வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேரோடு போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே ஆண்டில் அப்பாவும் போய், அக்காவும் போனால் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? என் அம்மாவின் மனத்தில் சீருடை என்றாலும், கடிதம் என்றாலும், லாரி என்றாலும் ஒரே பொருள்தான்: போனவர் வரமாட்டார்.

பெரியம்மா வந்துவிட்டார். பர்மாவுக்கு அனுப்பும் முறை அவருக்கு வரும் முன்னே போர் முடிந்தது. 1945-இல் கிராப்புத் தலையோடு லயத்துக்குத் திரும்பிய அவரைப் பார்த்து ஊரே சிரித்ததாம். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. விடியுமுன் எழுந்தது, காக்கிச் சட்டையும் காற்சட்டையும் போட்டு நடந்தது, துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டியது, இரவில் தனியாகக் காவல் நின்றது என்று அடுப்படியில் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்வார். "முதல் நாள் துப்பாக்கி தோளில் உதைச்சதுல ராத்திரி முழுக்க அழுதேன். ரெண்டாவது வாரம், யாராச்சும் என் துப்பாக்கியைத் தொட்டா சண்டைக்குப் போவேன்" என்பார். அதற்குப் பின் கங்காணி அவரை ஒருமையில் கூப்பிட்டதில்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்வார்.

இது என் குடும்பத்துக் கதை மட்டுமல்ல. நம் ஈப்போவில் 1927-இல் பிறந்த ராசம்மா பூபாலன் அம்மையார், பதினாறு வயதில் தம் சகோதரி பொன்னம்மாளுடன் அந்தப் படையில் சேர்ந்தவர். பர்மா வரைக்கும் போனார். 1945-இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது வாரக்கணக்கில் நடந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். திரும்பி வந்து, விட்ட படிப்பைப் படித்து முடித்து ஆசிரியர் ஆனார். கோலாலம்பூரில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1960-இல் ஆசிரியைகளுக்கென்று சங்கம் அமைத்து, ஆணுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று போராடினார். என்னோடு பணியாற்றிய ஆசிரியைகள் என் அளவுக்குச் சம்பளம் வாங்கினார்களே, அதில் அந்த அம்மையாருக்கும் பங்கு உண்டு. துப்பாக்கி தூக்கியவருக்குப் படிப்பு வராது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி, நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

1986-ஆம் ஆண்டு. ஓர் இடைநிலைப் பள்ளியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்தேன். முந்தைய ஆண்டு எஸ்.பி.எம். எழுதிய என் மாணவன் ஒருவன், தோட்டத்திலிருந்து மிதிவண்டியில் வந்தான். கடற்படை விண்ணப்பப் படிவத்தையும் சான்றிதழ்களின் படிகளையும் கொடுத்து, "சார், தலைமையாசிரியர்கிட்ட கையெழுத்து வாங்கித் தர்றீங்களா?" என்றான். அப்பா இல்லாத பிள்ளை. தாயார் பால்மரம் வெட்டி மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். இவன் கணக்கில் கெட்டிக்காரன். ஆறாம் படிவம் போனால் பட்டதாரியாக வருவான் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். "நாளை பார்க்கலாம்" என்று சொல்லிக் காகிதங்களை என் மேசை லாச்சியில் போட்டேன்.

மறுநாள் வந்தான். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றேன். அது உண்மை. அடுத்த வாரம் வந்தான். மறந்துவிட்டேன் என்றேன். அது பொய். முடிவு நாள் எப்போது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் முறை அவன் ஒன்றும் கேட்கவில்லை. என் மேசை அருகே வந்து, "லாச்சியைத் திறக்கட்டுமா சார்?" என்றான். காகிதங்களை எடுத்துக்கொண்டு தானே தலைமையாசிரியர் அறை வாசலில் போய் நின்றான்.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சாமிப் படத்தைப் பார்த்தபோதுதான், நான் செய்த காரியம் என்ன என்று உறைத்தது. அம்மாவுக்காவது சயாமில் போன அப்பா இருந்தார். எனக்கு என்ன காரணம்? ஆறாம் படிவம் போகப் பேருந்துக் கட்டணம், புத்தகம், அதற்கு மேல் பல்கலைக்கழகம் என்று அத்தனைக்கும் அந்தத் தாயார் எங்கே போவார் என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கணக்கு வாத்தியார் போட்ட கணக்கில் பணம் என்ற வரியே இல்லை.

பையன் தேர்வானான். நீச்சல் சோதனையில் அவனோடு போன நம் பையன்களில் பலர் திணறினார்களாம். இவன் மட்டும் தடையின்றி நீந்தினான். எங்கே கற்றுக்கொண்டாய் என்று பிறகு கேட்டேன். "ஈயக்குட்டையில சார், அம்மாவுக்குத் தெரியாம" என்றான். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகள் எத்தனை பிள்ளைகளை விழுங்கியிருக்கின்றன என்று இங்கே இருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். நம் வீடுகளில் "தண்ணிப் பக்கம் போகாதே" என்பதுதான் பிள்ளைக்குச் சொல்லும் முதல் புத்திமதி. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதுவே சோதனை நாளில் நம் பிள்ளையின் காலைப் பிடித்து இழுக்கிறது.

கடற்படைப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். விடுமுறையில் வந்தபோது சொன்னதெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதல் நாளே தலைமுடி போயிற்று. இருட்டில் எழுப்பி வரிசையில் நிறுத்தினார்கள். "மத்த பசங்க தடுமாறினாங்க சார். நமக்கென்ன, பொறந்ததுலேர்ந்து பெரட்டுக் களம் பார்த்தவங்கதானே" என்று சிரித்தான். அணிவகுப்பு, கயிற்று முடிச்சு, உயரமான மேடையிலிருந்து தண்ணீரில் குதிப்பது, புகை நிறைந்த அறைக்குள் புகுந்து தீயணைப்பது, ஓட்டை விழுந்த கப்பல் சுவரை நீர் பீய்ச்சியடிக்கும்போதே அடைப்பது. சட்டையில் ஒரு மடிப்புக் கோணலாக இருந்தாலும் திரும்பத் தேய்க்க வேண்டும். இரண்டாவது வாரம் ஓடிவந்துவிடலாமா என்று நினைத்தானாம். தாயார் கொடுத்தனுப்பிய திருநீற்றுப் பொட்டலத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தான். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கினேன் என்றான். மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் என்ன சாப்பிட்டான் என்பதுதான் தாயாரின் முதல் கேள்வி. மீனும் முட்டையும் சாப்பிட்டேன் என்று சொன்ன பிறகே அந்த அம்மாளுக்கு மூச்சு வந்தது.

கப்பலில் காவல் முறை எப்படி என்று ஒரு நாள் எனக்கு விளக்கினான். நான்கு நான்கு மணி நேரமாக நாளைப் பிரித்தால் ஆறு முறை வரும். ஒரே குழுவுக்குத் தினமும் நள்ளிரவு முறையே விழும். அதனால் மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரையுள்ள ஒன்றை மட்டும் இரண்டாக உடைப்பார்கள். ஏழு முறை ஆகிவிடும். ஒற்றைப்படை எண் ஆனதால் குழுக்கள் தினமும் மாறி மாறி வரும். நூற்றாண்டுகளாகக் கடலோடிகள் செய்துவரும் வழக்கம். அவன் வாழ்க்கையில் கணக்கு வீணாகிவிட்டது என்று வருந்திக்கொண்டிருந்த எனக்கு, அவனே கணக்கு வாத்தியாராக இருந்து பாடம் நடத்தினான்.

பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு அழைப்பு வந்தது. தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "நீங்க கூட வாங்க சார்" என்றார். எந்த முகத்தோடு போவது என்று தோன்றியது, ஆனாலும் போனேன். ஈப்போவிலிருந்து பேருந்து. அந்த அம்மாள் கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுச்சேலை கட்டி, ஒரு தூக்கில் முறுக்கு எடுத்து வந்திருந்தார். வெள்ளைச் சீருடையில் அத்தனை பேரும் ஒன்றுபோல் இருந்தார்கள். எனக்கு அவனைத் தெரியவில்லை. "மூணாவது வரிசை, ஓரத்துல" என்றார் அந்த அம்மாள். "நடையே மாறிப்போச்சு சார். ஆனா கை வீசுறது அப்படியே அவங்கப்பா." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அணிவகுப்பு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். பின்னால் இருந்த யாரோ உட்காரச் சொன்னார்கள். காதில் விழவில்லை.

வீடு திரும்பி அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்தத் தாயி தைரியக்காரி" என்றார். பிறகு, "உனக்கும் அந்த வெள்ளைச் சட்டை நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். ஒன்பது ஆண்டுக்குப் பிறகு வந்த மன்னிப்பு அது.

அவன் இயந்திரப் பிரிவில் பணியாற்றினான். கே.டி. ஹங் துவா கப்பலில் சில காலம் இருந்தான். அந்தக் கப்பலுக்கே ஒரு கதை உண்டு: கானா நாட்டுக்காகக் கட்டத் தொடங்கி, பிரிட்டிஷ் கடற்படைக்குப் போய், 1977-இல் நம்மிடம் வந்தது. பிறகு சபாவுக்கு அப்பால் நடுக்கடலில், 1983 முதல் நம் கடற்படை காவல் இருக்கும் லாயாங்-லாயாங் திட்டில் இருந்தான். அங்கிருந்து கடிதம் வர வாரக்கணக்காகும். தாயார் மாதந்தோறும் அம்மன் சந்நிதியில் ஒரு விளக்குப் போடுவார். இரண்டு தங்கைகளையும் அவன் சம்பளம்தான் படிக்க வைத்தது. ஒருவர் இன்று மருத்துவமனையில் தாதி. மற்றவர் ஆசிரியை. ஆக, நம் கல்வி நிதி செய்ய வேண்டிய வேலையை அந்தப் பையனின் சீருடை செய்தது. இருபத்தொரு ஆண்டு பணி முடித்து, 2007-இல் பிந்தாரா மூடாவாக ஓய்வு பெற்றான். அப்போது வயது 39. ஓய்வூதியமும் உண்டு, கையில் தொழிலும் உண்டு. லூமுட் பக்கத்திலேயே படகு இயந்திரம் பழுது பார்க்கிறான். கடற்படையில் எல்லாம் தேன் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. தாயாரின் இறுதிச் சடங்குக்கு ஒருநாள் தாமதமாகத்தான் வர முடிந்தது. அதை அவன் இன்றும் சொல்லி வருந்துகிறான்.

செயற்குழுவில் கேள்வி கேட்ட நண்பருக்கு இதுவே என் பதில். படைகளில் நம் பிள்ளைகள் குறைவு என்று பேசுகிறோம். எடுக்கமாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்டுகிறோம். சிலரை எடுக்காமலும் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாமிப் படத்துக்குப் பின்னாலும், வாத்தியார் லாச்சியிலும் எத்தனை விண்ணப்பங்கள் கிடந்தன என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய தொகை அல்ல. இப்போது விண்ணப்பம் கணினி வழியாகப் போகிறது. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அதை நிரப்ப உதவ ஆள் வேண்டும். எஸ்.பி.எம்.-இல் மலாய்மொழியில் தவறியவர்களுக்கு மறுதேர்வுக்கு ஒரு வகுப்பு வேண்டும். நேர்முகத்துக்குப் போய்வரப் பயணச் செலவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈப்போவில் முறையான நீச்சல் குளத்தில், பயிற்றுநரோடு, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் நீச்சல் வகுப்பு வேண்டும். படையில் சேராவிட்டாலும் போகட்டும், குட்டையில் விழுந்தால் கரையேறுவார்கள். பயிற்றுநர் வேலையை ஒரு பிந்தாரா மூடா இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று பிள்ளைகளின் சான்றிதழ்ப் படிகள் ஆலய அலுவலகத்தில் இருக்கின்றன. அவர்களில் ஒருத்தி பெண் பிள்ளை. என் பெரியம்மா இருந்திருந்தால் அவளைத்தான் முதலில் கூப்பிட்டுப் பேசியிருப்பார். படிகளை லாச்சியில் வைக்க வேண்டாம், மேசை மேலேயே இருக்கட்டும் என்று எழுத்தரிடம் சொல்லியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை பூசை முடிந்ததும் மண்டபத்தில் அவர்களோடு உட்காரப் போகிறோம். தாய்மார்கள் அவசியம் வர வேண்டும். பயமாக இருப்பவர்கள் முதலில் வாருங்கள்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.